சொத்து யாருடையது என்ற சண்டைக்கு நடுவே வாடகைதாரரைக் காலி செய்ய வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகை வழக்குகளைப் பார்க்கிறவன் என்பதால் ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வருகின்றன. கேட்பவர்களில் வீட்டுக்காரர்கள், வாடகைதாரர்கள் என்று இரு தரப்பும் உண்டு. பங்கு கேட்கும் அண்ணன் தம்பிகளும் வருகிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம். உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் எழுதியது என்பதால் மனு போடும் முன் வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள்.

1. காலி பண்ணச் சொல்லி உத்தரவு வாங்கிட்டேன். இனிமே நானே போய்ப் பூட்டுப் போடலாமா?

கூடாது. உத்தரவு கையில் இருந்தாலும் பூட்டை உடைப்பது, மின் இணைப்பைத் துண்டிப்பது, சாமான்களைத் தெருவில் வைப்பது எதையும் நீங்களாகச் செய்ய முடியாது. உத்தரவை நிறைவேற்றுவது நீதிமன்றத்தின் வேலை. உங்கள் மனுவின் பேரில் அமீனா (நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்) வந்து காலி செய்து உங்களிடம் சுவாதீனம், அதாவது வீட்டின் கைவசம், ஒப்படைக்க வேண்டும்.

நீங்களே இறங்கிவிட்டால், சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் குறித்துரைத்த நிவாரணச் சட்டம் 1963-இன் 6-ஆவது பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த வழக்கில் சொத்து யாருடையது என்பதே கேள்வி இல்லை. சொத்துரிமைச் சண்டை நடக்கிற வீட்டில் இப்படிச் செய்வது எதிர்த்தரப்புக்கு நீங்களே புது வழக்கு எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

2. சரி, மனு எங்கே போடணும்?

உத்தரவு கொடுத்தது எந்த மன்றம் என்று பாருங்கள். நகர்ப்புற வாடகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர் வாடகைதாரர் சட்டம் நடப்பில் இருக்கிறது. அது 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. அதன்படி வாடகை நீதிமன்றம் கொடுத்த உத்தரவை அதே நீதிமன்றத்தில்தான் நிறைவேற்றக் கேட்க வேண்டும். சுவாதீனத்தை ஒப்படைக்கவும் அதற்குக் காவல்துறை உதவி பெறவும் அதற்கு அதிகாரம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் முன்பே தொடங்கிய வழக்குகள் அந்தப் பழைய சட்டப்படியே நடந்து முடியும்.

உரிமையியல் நீதிமன்றம் கொடுத்த டிக்ரி (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் உத்தரவு) என்றால் அங்கே நிறைவேற்று மனு போட வேண்டும். ஈ.பி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 21, விதி 35-இன்படி வாரண்டு போகும். தேவைப்பட்டால் பூட்டை உடைக்கவும் அமீனாவுக்கு அதிகாரம் கிடைக்கும். டிக்ரியை நிறைவேற்ற 12 ஆண்டுகள் கெடு உண்டு. ஆனால் இரண்டு ஆண்டு தாண்டிவிட்டால் எதிர்த்தரப்புக்கு முதலில் நோட்டீஸ் போக வேண்டும் என்பதால் கிடப்பில் போடாதீர்கள். நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. நடைமுறையில் அது எளிதாக நடப்பதில்லை. சொத்துரிமையைக் கிளப்பித் தடுக்கிறவர்கள் இருந்தால் இன்னும் இழுக்கும். கீழே உள்ள பாதிக் கேள்விகள் அந்த இழுப்பைப் பற்றியவைதான்.

3. வாடகைதாரர் திடீர்னு "நீ ஓனரே இல்ல"ன்னு சொல்றாரு. அப்படிச் சொல்ல முடியுமா?

வீட்டை உங்களிடமிருந்து வாடகைக்கு வாங்கியவர் என்றால், வாடகை தொடங்கிய நாளில் உங்களுக்கு உரிமை இருக்கவில்லை என்று அவர் இப்போது மறுக்க முடியாது. முன்பு இது சாட்சியச் சட்டத்தின் 116-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 122-ஆவது பிரிவு. உங்கள் கையிலிருந்து சாவி வாங்கி வாடகையும் கொடுத்து வந்தவர், வெளியேறாமல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு உங்கள் உரிமையைக் கேள்வி கேட்க அனுமதி இல்லை. "இத்தனை வருஷம் இருந்துட்டேன், அதனால எனக்குச் சொந்தம்" என்ற வாதமும் இதே காரணத்தால் விழுந்துவிடும். அனுமதியோடு இருப்பவருக்கு எதிரிடை அனுபவம் (உரிமையாளருக்கு எதிராக நீண்ட காலம் அனுபவித்ததால் வரும் உரிமை) கிடையாது.

இரண்டு விஷயங்களை அவர் சொல்லலாம். ஒன்று, வாடகை தொடங்கிய பிறகு உங்கள் உரிமை போய்விட்டது என்பது. நீங்கள் விற்றுவிட்டீர்கள், ஏலத்தில் போய்விட்டது, நீதிமன்றத் தீர்ப்பு எதிராக வந்துவிட்டது என்பது போல. இன்னொன்று, அவர் வாடகைக்கு வந்தது உங்களிடமிருந்து இல்லை, நீங்கள் பின்னால் வாரிசு என்றோ வாங்கியவர் என்றோ வந்தவர் என்பது. அப்போது அந்தத் தொடர்ச்சியை நீங்கள் காகிதத்தில் காட்ட வேண்டும். அவர் உங்களையே வீட்டுக்காரர் என்று ஒப்புக்கொண்டு வாடகை கொடுத்திருந்தால் உங்கள் கை ஓங்கும்.

பொய்யாக உரிமையை மறுப்பது வாடகைதாரருக்கே ஆபத்து. சொத்து மாற்றுச் சட்டம் 1882-இன் 111(ஜி) பிரிவில் அது குத்தகை பறிபோகக் காரணம். பழைய 1960 சட்டத்திலும் நேர்மையில்லாத மறுப்பு வெளியேற்றத்துக்குத் தனிக் காரணமாக இருந்தது.

4. அப்போ வாடகை கோர்ட் சொத்து யாருதுன்னு பார்க்கவே பார்க்காதா?

பார்க்காது. 2017 சட்டத்தின் 40-ஆவது பிரிவு, சொத்துரிமைக் கேள்வி வாடகை நீதிமன்றத்தின் வரம்புக்கு வெளியே என்று சொல்கிறது. வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா, வாடகை பாக்கியா, வெளியேற்றச் சட்டக் காரணம் உண்டா என்பதோடு அதன் வேலை முடிகிறது. பழைய சட்டத்தில் கொஞ்சம் வேறு மாதிரி. வாடகைதாரரின் மறுப்பு நேர்மையானதா என்று மட்டும் அந்தச் சட்டத்தின் வாடகைக் கட்டுப்பாட்டாளர் பார்ப்பார். நேர்மையானது என்று பட்டால் வீட்டுக்காரரை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவார்.

இதில் எல்லோரும் கவனிக்க வேண்டியது ஒன்று. வெளியேற்ற உத்தரவு வாங்கியதால் நீங்கள் அந்த வீட்டின் உரிமையாளர் என்று தீர்ப்பு ஆகிவிடாது. "உங்களுக்கும் வாடகைதாரருக்கும் இடையில், அவர் காலி செய்ய வேண்டும்" என்பது மட்டுமே அதன் பொருள். இதைப் புரிந்துகொண்டால் மற்றக் கேள்விகள் பாதி தானாகத் தெளிந்துவிடும்.

5. பட்டா, வீட்டு வரி, கரண்ட் கனெக்ஷன் எல்லாம் என் பேர்ல இருக்கு. இது போதாதா?

உதவும், ஆனால் சொத்துரிமையை நிரூபிக்க அது மட்டும் போதாது. பட்டா வருவாய்த்துறைப் பதிவு. வரி ரசீது வரி கட்டியதற்குச் சாட்சி. உரிமைக்குக் கிரயப் பத்திரம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, உயில், தாய்ப்பத்திரம் இவைதான் பேசும். வாடகைதாரருக்கு எதிராக மட்டும் என்றால் வாடகை ஒப்பந்தமும் வாடகை வந்த வங்கிக் கணக்கும் பட்டாவைவிட வலிமையானவை.

6. தம்பி பாக வழக்கு போட்டிருக்கான். வழக்கு முடியற வரைக்கும் வாடகைதாரரைக் காலி பண்ண முடியாதாமே?

வழக்கு போட்டதாலேயே எதுவும் நிற்காது. ஏதாவது ஒரு நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தால்தான் நிற்கும். வாடகைதாரர்கள் பாக வழக்கின் நகலைக் காட்டி "நிலுவையில் இருக்கிறது" என்று அமீனாவைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வழக்கு எண் தடை ஆகாது. தடை உத்தரவின் நகல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பங்காளிகளில் ஒருவர் மட்டும் வெளியேற்ற வழக்குப் போடலாம் என்பது உச்ச நீதிமன்றம் 1976-இலேயே தெளிவுபடுத்திய நிலை. சொத்து முழுவதிலும் ஒவ்வொரு பங்காளிக்கும் உரிமை இருப்பதால், மற்றவர்களும் சேர்ந்தாக வேண்டும் என்பதில்லை. அப்படி வாங்கிய சுவாதீனம் எல்லாப் பங்காளிகளுக்காகவும்தான் என்று எடுத்துக்கொள்ளப்படும். தம்பிக்கு நியாயமான பயம் இருந்தால், உதாரணமாக நீங்கள் காலி செய்து வேறு யாருக்கோ விற்றுவிடுவீர்கள் என்றால், பாக வழக்கிலேயே இடைக்காலத் தடையோ ரிசீவர் (வழக்கு முடியும்வரை சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் வைக்கும் ஆள்) நியமனமோ கேட்கலாம். அதுதான் அவருக்குச் சரியான வழி. வாடகைதாரரைப் பின்னால் இருந்து தூண்டிவிடுவது அல்ல. அப்படித் தூண்டிவிட்டு வாடகையும் நின்று, வீடும் பாழாகி, கடைசியில் இரு தரப்புக்கும் ஒன்றுமில்லாமல் போன குடும்பங்கள் உண்டு. கேட்டால் மனசு கஷ்டமாக இருக்கும்.

7. நானும் பங்காளிதான். அண்ணன் என்னைக் கேக்காம உத்தரவு வாங்கிட்டார். வாடகைதாரர் இருக்கட்டும்னு நான் சொன்னா?

நேரம்தான் முக்கியம். மற்றப் பங்காளிகள் எதிர்க்காதவரை ஒருவர் போட்ட வழக்கு செல்லும். அதனால் எதிர்ப்பு இருந்தால் வெளியேற்ற வழக்கு நடக்கும்போதே தரப்பாகச் சேர்ந்து சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் முடிந்து அமீனா வரும் நாளில் "எனக்குச் சம்மதமில்லை" என்றால் நிறைவேற்று நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். வாடகைதாரருக்காகப் பேச வந்தவர் என்றே படும்.

8. ரெண்டு பேரும் வாடகை கேட்டு நோட்டீஸ் அனுப்புறாங்க. நான் வாடகைக்கு இருக்கறவன். யாருக்குக் குடுக்கறது?

வாடகையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சொத்து யாருடையது என்பது தெரியும் முன்பே நீங்கள் பாக்கிக்காரர் ஆகிவிடுவீர்கள், அதுவே வெளியேற்றக் காரணம். யாரிடமிருந்து வாடகைக்கு வந்தீர்களோ அவருக்குக் கொடுப்பது பொதுவாகப் பாதுகாப்பு. நல்லெண்ணத்தோடு அவருக்குக் கொடுத்த வாடகையை, பின்னால் அவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்தாலும், இரண்டாம் முறை கொடுக்க வேண்டியதில்லை என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு காக்கிறது. யாருக்குச் சேர வேண்டும் என்பதே உண்மையில் குழப்பம் என்றால் வாடகை அதிகார அமைப்பிடம் வைப்பீடு செய்யும் வழி 2017 சட்டத்தில் உண்டு. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

"இருவரும் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும்" என்று இடையீட்டு வழக்கு போடலாமா என்றும் கேட்கிறார்கள். வாடகைதாரர் தன் வீட்டுக்காரரை அப்படி வழக்கில் இழுக்க முடியாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 35, விதி 5 தடுக்கிறது. அந்த வீட்டுக்காரர் வழியாகவே உரிமை கேட்பவர் (அவரிடம் வாங்கியவர் போல) எதிர்ப்பக்கம் இருந்தால் மட்டும் விலக்கு.

9. வீட்டை நான் கிரயம் வாங்கிட்டேன். ஏற்கெனவே பழைய ஓனர் காலி பண்ண உத்தரவு வாங்கி வெச்சிருந்தார். அதை நான் நிறைவேத்தலாமா?

உரிமையியல் டிக்ரி என்றால் கட்டளை 21, விதி 16-இன் விளக்கப்படி சொத்தை வாங்கியவர், டிக்ரியைத் தனியாக எழுதி வாங்காமலேயே நிறைவேற்றக் கேட்கலாம். இந்த விளக்கம் 1976 திருத்தத்தில் வந்தது. கிரயப் பத்திரத்தில் அந்த டிக்ரியைக் குறிப்பிட்டு எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது. உத்தரவு எதுவும் இல்லாமல் வாங்கியவர் சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆவது பிரிவின்படி பழைய வீட்டுக்காரர் இடத்தில் வந்து நிற்கிறார். வாடகைதாரர் சம்மதம் தேவையில்லை. ஆனால் வாங்கியதை எழுத்தில் தெரிவியுங்கள். தெரியாமல் பழையவருக்குக் கொடுத்த வாடகையை மறுபடி உங்களால் வசூலிக்க முடியாது.

10. அமீனாவோட போனோம். உள்ள வேற ஒருத்தர் இருந்துகிட்டு "நான் வாடகைக்காரனே இல்ல, இது என் சொத்து"ங்கறார். இப்ப என்ன பண்றது?

மிகவும் சிக்கலான இடம் இதுதான். அமீனா அங்கே நின்று யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. தடுத்தார்கள் என்று அறிக்கை எழுதித் திரும்புவார். நீங்கள் கட்டளை 21, விதி 97-இல், தடையை நீக்கக் கேட்டு மனு போட வேண்டும். சண்டை போட வேண்டாம், வாக்குவாதத்தை வீடியோ எடுத்துப் பரப்பவும் வேண்டாம்.

அந்த மனுவில் அவருக்கு உண்டான உரிமை, பங்கு, சொத்துரிமை எல்லாவற்றையும் நிறைவேற்று நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும், தனி வழக்குக்கு அனுப்பக் கூடாது என்று விதி 101 சொல்கிறது. 1976 திருத்தத்துக்கு முன் இப்படி இல்லை, தனி வழக்குதான். இன்றைக்கு இங்கே கிடைக்கும் முடிவே விதி 103-இன்படி டிக்ரிக்குச் சமம், அதற்கு மேல்முறையீடும் உண்டு. ஆகவே "சும்மா ஒரு மனு" என்று நினைத்துச் சாட்சி இல்லாமல் போகாதீர்கள். ஒரு முழு வழக்குக்குத் தயாராவது போலத் தாய்ப்பத்திரம் முதல் எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

வந்தவர் யார் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். வாடகைதாரர் வைத்த உள்வாடகைக்காரர், உறவினர், அவருடைய ஆள் என்று தெரிந்தால் டிக்ரி அவரையும் கட்டுப்படுத்தும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது எதிர்த்தரப்பிடம் வாங்கியவருக்கும் விதி 102 இடம் கொடுக்காது. வாடகைதாரரே ஆள் வைத்துத் தடுத்தார் என்று தெரிந்தால் 30 நாள் வரை சிவில் சிறையில் வைக்கவும் அதிகாரம் உண்டு. மாறாக, வாடகைதாரருக்கு எந்தத் தொடர்பும் இல்லாத தனி உரிமையோடு ஒருவர் வந்திருந்தால் அவரைக் கேட்காமல் வெளியேற்ற முடியாது, கூடவும் கூடாது.

உத்தரவு வாடகை நீதிமன்றத்துடையது என்றால் இன்னொரு நெருக்கடி. 4-ஆம் கேள்வியில் சொன்னபடி சொத்துரிமை அதன் வரம்பில் இல்லை. தடுக்கிறவர் வாடகைதாரர் வழியாக வந்தவர்தானா என்று பார்ப்பதோடு அது நின்றுவிடும். உண்மையான தனி உரிமை கேட்பவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்க வேண்டும்.

11. எங்க பாட்டி வீடு. எங்களுக்குத் தெரியாமலே சித்தப்பா வாடகைக்காரர் மேல உத்தரவு வாங்கிட்டார். பின்பக்கம் நாங்க குடியிருக்கோம். காலி பண்ற நாள் வரைக்கும் காத்திருக்கணுமா?

வேண்டாம். வெளியேற்றப்படும் முன்பே தடுக்கிறவர் என்ற நிலையில் நீதிமன்றத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் சொன்னது. வெளியே தள்ளப்பட்ட பிறகுதான் மனு போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏற்கெனவே வெளியேற்றப்பட்டிருந்தால் கட்டளை 21, விதி 99-இல் மனு போட்டுத் திரும்பக் கேட்கலாம். குடும்ப அட்டை, மின் ரசீது, வாரிசுச் சான்றிதழ், நீங்கள் இருக்கும் பகுதியின் வரைபடம் இவற்றை இப்போதே எடுத்து வையுங்கள். உத்தரவில் உள்ள சொத்து விவரம் வாடகைப் பகுதியை மட்டும் சொல்கிறதா, முழு வீட்டையும் சொல்கிறதா என்று முதலில் படியுங்கள். அதிலேயே பாதிப் பதில் இருக்கும்.

12. சொத்து வழக்குல நான் ஜெயிச்சேன். ஆனா தோத்தவர் வெச்ச வாடகைக்காரங்க உள்ள இருக்காங்க. அவங்களைக் காலி பண்ணலாமா?

அவர் எப்போது குடியேற்றினார் என்பதே கேள்வி. உங்கள் வழக்கு நிலுவையில் இருக்கும்போது குடியேற்றியவர்கள் என்றால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அவர்களையும் கட்டுப்படுத்தும். வழக்குக்கு முன்பே வந்து, உங்கள் டிக்ரி கட்டுப்படுத்தாத வாடகைதாரர் என்றால் கட்டளை 21, விதி 36-இன்படி அடையாள சுவாதீனம்தான் கிடைக்கும். வாரண்டை ஒட்டி, தண்டோரா போட்டு அறிவிப்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் அவர்களின் வீட்டுக்காரர். வாடகை உங்களுக்கு வரும், வெளியேற்ற வேண்டுமென்றால் வாடகைச் சட்டப்படி தனியாகக் காரணம் காட்ட வேண்டும். ஜெயித்த கையோடு வாடகைதாரரும் போய்விடுவார் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் ஒழுங்காக வாடகை கொடுத்து இருந்தவரை நேற்று நடந்த தீர்ப்புக்காகத் தெருவில் விடக் கூடாது என்பது நியாயம்.

13. வாடகைக்காரர் "வீட்டை எனக்கு விக்கறதா பேசி அட்வான்ஸ் வாங்கினீங்க, இப்ப நான் வாடகைக்காரன் இல்ல"ங்கறார்.

விற்பனை ஒப்பந்தம் மட்டும் சொத்தில் உரிமை தராது என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு. அவர் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்டு வழக்குப் போடலாம், அது வேறு விஷயம். சுவாதீனத்தைக் காப்பாற்ற அதே சட்டத்தின் 53ஏ பிரிவைக் காட்டுவார். அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். 2001 முதல் அது பதிவாகியும் இருக்க வேண்டும். வாடகைதாரராக இருந்தவர், ஒப்பந்தத்தால்தான் தொடர்ந்து இருந்தேன் என்பதையும் காட்ட வேண்டும். ஒப்பந்தத்துக்குப் பிறகும் வாடகை கொடுத்திருந்தால் அந்த வாதம் நிற்காது. வாய்மொழி ஒப்பந்தம் என்றால் கேட்கவே வேண்டாம்.

14. ஒத்திக்கு விட்டிருக்கோம். இதெல்லாம் அதுக்கும் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் குடியிருக்க விட்டால், ஆவணத்தின் வாசகத்தைப் பொறுத்து அது அனுபவ அடமானமாக (கடன் கொடுத்தவர் சொத்தை அனுபவிக்கும் அடமானமாக) இருக்கலாம். அடமானம் என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மீட்கும் வழக்குதான், வெளியேற்ற மனு இல்லை. "லீசு" என்ற தலைப்பில் எழுதியிருந்தாலும் உள்ளடக்கம் எது என்று வக்கீலிடம் காட்டுங்கள். உரிமைச் சண்டை வேறு இருந்தால் அந்தத் தொகையை யார் திருப்பித் தருவது என்பதே முதல் சண்டையாகும்.

15. காலி மனையைத்தான் வாடகைக்கு விட்டோம். கடை கட்டினது அவர். இப்போ?

கவனம். சென்னை மாநகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1921 பொருந்தும் பழைய மனை வாடகைகளில் கட்டுமானத்துக்கு இழப்பீடு உண்டு. 9-ஆவது பிரிவில் மனையையே தனக்கு விற்கச் சொல்லி அவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். அழைப்பாணை கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர் கேட்க வேண்டும். வழக்குப் போடும் முன் மூன்று மாத நோட்டீஸும் நீங்கள் கொடுத்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தைக் கவனிக்காமல் சாதாரண நோட்டீஸில் தொடங்கிய வழக்குகள் நடுவழியில் நின்றுபோகும்.

16. அவர் அப்பீல் போட்டுட்டார். தானா நின்னுடும்தானே?

நிற்காது. தனியாகத் தடை உத்தரவு வாங்கினால்தான் நிற்கும். 6-ஆம் கேள்வியில் பாக வழக்குக்குச் சொன்னதுதான் இதற்கும். தடை கொடுக்கும்போது, அன்றைய சந்தை நிலவரப்படி ஒரு தொகையை மாதாமாதம் கட்டச் சொல்லி நிபந்தனை போடலாம் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய வாடகையிலேயே உட்கார்ந்து காலம் கடத்துகிறவர்களுக்கு எதிராக இதைக் கட்டாயம் கேளுங்கள். நான் பார்த்தவரை, இந்த நிபந்தனை வந்ததும் பல மேல்முறையீடுகள் சமரசத்தில் முடிகின்றன.

17. காலி பண்ணி வாங்கிட்டேன். அப்புறம் சொத்து வழக்குல தோத்துட்டா வாடகைக்காரர் திரும்ப வந்துடுவாரா?

வெளியேற்ற உத்தரவே மேல்முறையீட்டில் ரத்தானால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவில் பழைய நிலையைத் திரும்பக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. வெளியேற்ற உத்தரவு அப்படியே இருந்து, தனியாக நடந்த சொத்து வழக்கில் மட்டும் நீங்கள் தோற்றால், ஜெயித்தவர் உங்களிடமிருந்து சுவாதீனமும் நீங்கள் அனுபவித்த காலத்துக்கான தொகையும் கேட்பார். பழைய வாடகைதாரர் தானாகத் திரும்பி வரமாட்டார். மறுபடி அவரைக் குடிவைப்பது ஜெயித்தவர் விருப்பம்.

ஆகவே சொத்து வழக்கு நிலுவையில் இருக்கும்போது காலி செய்து வாங்கினால், வீட்டை இடிப்பது, மாற்றிக் கட்டுவது, புதியவருக்கு நீண்ட கால வாடகைக்கு விடுவது இவற்றைத் தள்ளிப்போடுங்கள். அமீனா ஒப்படைத்த அன்று எழுதிய பொருள் பட்டியல், சுவாதீன ரசீது, அன்றைய புகைப்படங்கள் மூன்றையும் சொத்து வழக்கின் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள். அங்கே யாராவது உங்களைக் கணக்குக் கேட்பது நிச்சயம்.